சுவர்ணபூமியா, டான் முவாங்கா? பாங்காக் பயணத்துக்கு விமான நிலையம் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னையிலிருந்து பாங்காக் செல்ல விமானச் சீட்டுத் தேடும்போது, ஒரே நாளில் ஒரே ஊருக்குச் செல்லும் இரண்டு விமானங்களுக்கிடையே கட்டணம் சில ஆயிரம் ரூபாய் வேறுபடுவதைப் பலரும் கண்டிருப்பார்கள். குறைந்த கட்டணத்தைப் பார்த்தவுடன் பணத்தைக் கட்டிவிடுவதே நம்மில் பெரும்பாலோரின் வழக்கம். அந்த இரண்டு விமானங்களும் ஒரே இடத்தில் இறங்குவதில்லை என்பது பிறகுதான் தெரிகிறது. ஒன்று நகரின் கிழக்கே உள்ள சுவர்ணபூமியிலும், மற்றொன்று வடக்கே உள்ள டான் முவாங்கிலும் இறங்கும். இரண்டுக்கும் இடையே சாலைவழியில் ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவு உண்டு. பாங்காக்கோடு பயணம் முடிந்துவிடும் என்றால் எந்த நிலையத்தில் இறங்கினாலும் பெரிய இழப்பு இல்லை. அங்கிருந்து இன்னொரு விமானம் பிடிக்க வேண்டியிருந்தால், இந்தத் தேர்வு பயணத்தையே காப்பாற்றவும் கெடுக்கவும் கூடியது.

முதல் படி: இரண்டு நிலையங்களின் இயல்பை அறிந்துகொள்ளுதல்

டான் முவாங் 1914 மார்ச்சில் தொடங்கப்பட்டது. இன்றும் இயங்கிவரும் உலகின் மிகப் பழைய விமான நிலையங்களில் அதுவும் ஒன்று. தாய்லாந்து விமானப்படையோடு இணைந்து வளர்ந்த இடம் அது. இரண்டு ஓடுபாதைகளுக்கும் நடுவே ஒரு கோல்ஃப் மைதானம் இருப்பதை இறங்கும்போது சன்னலோரப் பயணிகள் காணலாம். பல பத்தாண்டுகள் பாங்காக்கின் ஒரே பெரிய நிலையமாக இருந்த அது, 2006 செப்டம்பர் 28-இல் சுவர்ணபூமி திறக்கப்பட்டதும் பயணிகள் விமானங்களை இழந்தது. அடுத்த ஆண்டே உள்நாட்டு விமானங்களுக்காக மீண்டும் திறக்கப்பட்டது. 2011-ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தில் ஓடுபாதைகள் மூழ்கி மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. 2012 அக்டோபரில் ஏர்ஏசியா தன் பாங்காக் சேவைகளைச் சுவர்ணபூமியிலிருந்து இங்கே மாற்றிக்கொண்டபோது, மலிவுக் கட்டண விமானங்களின் தலைமை நிலையம் என்ற இன்றைய உருவம் டான் முவாங்குக்கு அமைந்தது.

சுவர்ணபூமியோ சமுத் பிரகான் மாகாணத்தில், நாகப்பாம்புச் சதுப்பு என்று பெயர் பெற்ற ஈரநிலத்தை மேடாக்கிக் கட்டப்பட்டது. பொன்விளையும் பூமி என்று பொருள்படும் பெயரை மன்னர் பூமிபோல் சூட்டினார். 2023-இல் துணை முனையம் ஒன்றும், 2024-இல் மூன்றாவது ஓடுபாதையும் இங்கே சேர்ந்தன.

இரண்டுமே கட்டப்பட்ட அளவை மீறி நிரம்பி வழிந்தவை. 2019-இல் சுவர்ணபூமி சுமார் 6.5 கோடிப் பயணிகளையும் டான் முவாங் சுமார் 4.1 கோடிப் பயணிகளையும் கையாண்டன. ஆகவே சிறிய நிலையம் என்றால் கூட்டம் இராது என்று கருதி டான் முவாங்கைத் தேர்ந்தெடுப்பது சரியான கணக்கு அல்ல. நடைதூரம் அங்கே குறைவு என்பது மட்டும் உண்மை. சுவர்ணபூமியில் விமானத்திலிருந்து குடிநுழைவுப் பகுதிவரை நடப்பதே முதியவர்களுக்குக் களைப்பூட்டும். துணை முனையத்தில் இறங்கினால் தரைக்கடியில் ஓடும் தானியங்கி ரயிலில் ஏறிப் பிரதான முனையத்துக்கு வர வேண்டும்.

இரண்டாம் படி: சீட்டில் உள்ள மூன்றெழுத்துக் குறியீட்டைப் படித்தல்

சுவர்ணபூமியின் குறியீடு பி.கே.கே. டான் முவாங்கின் குறியீடு டி.எம்.கே.; தமிழர் எவருக்கும் இதை நினைவில் வைக்கும் வழியைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

குழப்பம் முதல் குறியீட்டில்தான் இருக்கிறது. பி.கே.கே. என்பது சுவர்ணபூமிக்கு மட்டுமன்றி பாங்காக் நகரம் முழுவதற்கும் உரிய குறியீடாகவும் வழங்குகிறது. அதனால் தேடல் தளங்களில் பாங்காக் என்றோ பி.கே.கே. என்றோ இடும்போது இரண்டு நிலையங்களின் விமானங்களும் கலந்து வரக்கூடும். பட்டியலில் காண்பதை நம்பாமல், பணம் கட்டுவதற்கு முந்தைய பக்கத்தில் ஒவ்வொரு பயணப் பகுதிக்கும் எதிரே உள்ள நிலையத்தின் முழுப்பெயரைப் படிக்க வேண்டும். போகும்போது ஒரு நிலையமும் திரும்பும்போது வேறொரு நிலையமுமாகச் சீட்டு அமைவது அரிதன்று. இரண்டு தனித்தனி விமான நிறுவனங்களைச் சேர்த்துக் குறைந்த கட்டணம் காட்டும் தளங்களில் இது மிகுதியாக நேரும்.

மூன்றாம் படி: எந்த நிறுவனம் எங்கே என்பதை அறிதல்

உண்மையில் நாம் தேர்ந்தெடுப்பது நிலையத்தை அல்ல, நிறுவனத்தை; நிலையம் அதன் பின்னாலேயே வந்துவிடுகிறது. தாய் ஏர்வேஸ், இண்டிகோ, ஏர் இந்தியா, ஸ்ரீலங்கன், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், பாங்காக் ஏர்வேஸ், தாய் வியட்ஜெட் ஆகியவை சுவர்ணபூமியைப் பயன்படுத்துகின்றன. தாய் ஏர்ஏசியா, தாய் லயன் ஏர், நோக் ஏர் ஆகியவற்றுக்கு டான் முவாங்கே தாய்வீடு. இருப்பினும் இதை மாறாத விதியாகக் கொள்ளக் கூடாது. தாய் ஏர்ஏசியா சில உள்நாட்டுத் தடங்களை இரண்டு நிலையங்களிலிருந்தும் இயக்கியிருக்கிறது. அதன் சகோதர நிறுவனமான தாய் ஏர்ஏசியா எக்ஸ் 2022-இல் சுவர்ணபூமிக்குச் சென்று, 2024 அக்டோபரில் டான் முவாங்குக்கே திரும்பி வந்தது. சென்ற முறை இறங்கிய இடம்தானே என்ற நினைப்பில் கிளம்புவோர் இத்தகைய இடமாற்றங்களில்தான் சிக்குகிறார்கள்.

நான்காம் படி: தங்குமிடத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுதல்

பாங்காக்கில் தூரத்தைக் கிலோமீட்டரில் அளப்பதில் பொருளில்லை. வெள்ளிக்கிழமை மாலையில் மழையும் சேர்ந்துகொண்டால் பத்து கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம் ஆவதும் உண்டு. எனவே தங்குமிடம் எந்த ரயில் தடத்தின் அருகே உள்ளது என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

சுவர்ணபூமியிலிருந்து 2010 முதல் ஏர்போர்ட் ரயில் லிங்க் ஓடுகிறது. நிலையக் கட்டடத்தின் அடித்தளத்திலேயே ஏறிக்கொள்ளலாம். எட்டு நிறுத்தங்களைக் கொண்ட இந்தத் தடம், அரை மணி நேரத்துக்குள் ஃபயா தாய் சென்று சேர்கிறது. முழுத் தூரத்துக்கும் கட்டணம் 45 பாத் (தாய்லாந்து நாணயம்) மட்டுமே. ஃபயா தாயில் பி.டி.எஸ். எனப்படும் மேம்பால ரயிலுக்கும், மக்கசானில் பெட்சபுரி நிலையம் வழியாக எம்.ஆர்.டி. சுரங்க ரயிலுக்கும் மாறலாம். இடையில் உள்ள ராட்சப்பராரோப் நிறுத்தம் நம்மவர்களுக்கு முக்கியமானது. மொத்த விலையில் ஆடை எடுக்கச் செல்லும் வணிகர்கள் கூடும் பிரதுநாம் சந்தை அங்கிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது. வெறும் பையோடு போய் மூட்டைகளோடு திரும்புவோருக்கு, போகும்போது ரயிலும் திரும்பும்போது டாக்சியும் பொருந்தும்.

டான் முவாங்குக்கு ரயில் வசதி மோசம் என்று பலர் இன்னமும் சொல்வது பழைய செய்தி. 2021 முதல் அடர்சிவப்புத் தடம் ஓடுகிறது. முனையத்திலிருந்து நடைமேம்பாலம் வழியாக ரயில் நிலையத்தை அடைந்து, இருபது நிமிடங்களுக்குள் குருங் தேப் அபிவத் என்னும் மைய நிலையத்தில் இறங்கி, அங்கே பாங் சூ நிலையத்தில் எம்.ஆர்.டி. நீலத் தடத்துக்கு மாறலாம். சதுசாக் வாரச் சந்தை, ரட்சடா, சுகும்வித், சீலோம் ஆகிய பகுதிகளை அந்த நீலத் தடம் தொட்டுச் செல்கிறது. இது தவிர ஏ1 முதல் ஏ4 வரை எண்ணிட்ட நகரப் பேருந்துகளும் உண்டு. இவற்றில் ஏ1 மோ சிட் பி.டி.எஸ். நிலையத்துக்கும், ஏ2 வெற்றிச் சின்னத்துக்கும், ஏ3 பிரதுநாம் வழியாக லும்பினி பூங்காவுக்கும், ஏ4 காவ் சான் சாலைப் பகுதிக்கும் செல்கின்றன. 30 முதல் 50 பாத் வரையில் இருந்துவந்த இவற்றின் கட்டணத்தோடு டாக்சியால் போட்டியிட முடியாது. ஆனால் பெரிய பெட்டிகளை வைக்க இவற்றில் தனி இடமில்லை. நெரிசல் நேரத்தில் குழந்தைகளோடு ஏறுவது பெரும்பாடு.

சீலோம் சாலையில் தமிழர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுப்பிய மகா மாரியம்மன் கோயிலை ஒட்டித் தங்க விரும்புவோர் பலர். அவர்களுக்கு இரண்டு நிலையங்களும் ஏறக்குறைய ஒன்றுதான். சுவர்ணபூமியிலிருந்து வந்தால் ஃபயா தாயிலும் சயாமிலும் ரயில் மாற வேண்டும். டான் முவாங்கிலிருந்து வந்தால் பாங் சூவில் மாறிச் சீலோம் நிலையத்தில் இறங்கலாம்.

பாங்காக்கில் தங்காமல் நேரே வெளியூர் செல்வோருக்கு முடிவு எளிது. பட்டாயா தென்கிழக்கில் இருப்பதால் சுவர்ணபூமியே அதற்கு வாசல். நிலையத்தின் தரைத்தளத்திலிருந்தே பட்டாயாவுக்கு நேரடிப் பேருந்து உண்டு. இரண்டு மணி நேரத்தை ஒட்டிய பயணம் அது. பட்டாயா போகிறவர் டான் முவாங்கில் இறங்கினால், நகரத்தைச் சுற்றி எதிர்த்திசையில் வந்த பிறகே உண்மையான பயணத்தைத் தொடங்குகிறார். அயுத்தயா வடக்கே இருப்பதால் அங்கு நிலைமை தலைகீழ். வட திசை ரயில்கள் டான் முவாங்கிலேயே நிற்பதால், நகருக்குள் காலே வைக்காமல் ஒரு மணி நேரத்தை ஒட்டி அந்தப் பழைய தலைநகரை அடைந்துவிடலாம்.

ஐந்தாம் படி: இறங்கும் நேரத்தைக் கணக்கில் சேர்த்தல்

சென்னையிலிருந்து நள்ளிரவையொட்டிப் புறப்படும் விமானங்கள், தாய்லாந்து நேரம் நம்மைவிட ஒன்றரை மணி முந்தியிருப்பதால், அங்கே விடியற்காலையில் இறங்குகின்றன. காலை ஐந்தரை மணியளவில் தொடங்கும் ரயில்கள் நள்ளிரவோடு நின்றுவிடும். நான்கு மணிக்கு இறங்குபவருக்கு இரண்டு வழிகள்தாம் உள்ளன: காத்திருக்க வேண்டும், அல்லது டாக்சியில் ஏற வேண்டும்.

காத்திருப்பதற்குச் சுவர்ணபூமியே ஏற்றது. தரைத்தளத்தின் எட்டாம் வாயில் அருகே நிலைய ஊழியர்களும் உண்ணும் மலிவு உணவுக்கூடம் இருக்கிறது. உட்காரவும் இடம் அதிகம். டாக்சி என்றால், சுவர்ணபூமியின் தரைத்தளத்தில் இயந்திரத்தில் வரிசைச் சீட்டு எடுத்துக்கொண்டு, அதில் உள்ள எண்ணுக்குரிய வண்டியில் ஏற வேண்டும். இரண்டு நிலையங்களிலும் மீட்டர் தொகைக்கு மேல் நிலையக் கட்டணமாக 50 பாத் கொடுப்பது முறையானதே. அதை ஏமாற்று என்று எண்ணி ஓட்டுநரோடு வாதிட வேண்டாம். உயர்மட்ட விரைவுச்சாலையின் சுங்கமும் பயணியின் பொறுப்பு. டான் முவாங்கிலிருந்து நகருக்குள் வரும் மேம்பாலச் சாலை தனியார் நடத்துவது என்பதால் அதில் சுங்கம் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். விடியற்காலையில் சாலை காலியாக இருக்குமாதலால் அந்நேரத்தில் சுங்கச் சாலையைத் தவிர்க்கச் சொல்லலாம்.

ஆறாம் படி: தொடர் விமானம் இருந்தால் தனிக் கவனம்

இந்தப் படிக்காகத்தான் இவ்வழிகாட்டியையே எழுதத் தொடங்கினேன். பாங்காக் வழியாகப் புக்கெட், கிராபி, சியாங் மாய், சாமுய் செல்வோரும், வியட்நாமுக்கோ கம்போடியாவுக்கோ செல்வோரும் கட்டணத்தை மிச்சப்படுத்த இரண்டு தனிச் சீட்டுகள் வாங்குவது வழக்கம். முதல் விமானம் சுவர்ணபூமியில் இறங்கி, இரண்டாவது டான் முவாங்கில் கிளம்பினால் இடையில் நடக்க வேண்டியவை இவை: விமானத்திலிருந்து நடந்து வருதல், குடிநுழைவு வரிசை, பெட்டிக்காகக் காத்திருத்தல், அடுத்த நிலையத்துக்குப் பயணம், அங்கே மறுபடியும் பெட்டி ஒப்படைப்பு, பாதுகாப்புச் சோதனை. வெளிநாட்டு விமானம் என்றால் குடிநுழைவு வரிசை இன்னொரு முறை. இவற்றில் எந்த ஒன்றும் நம் கட்டுப்பாட்டில் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் நான்கு மணி நேர இடைவெளியை நம்பி நானே இதை முயன்று, மழையில் நின்றுபோன சாலையில் அமர்ந்தபடி, கிராபி விமானத்தின் ஒப்படைப்பு நேரம் முடிவதைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். புதிதாக வாங்கிய சீட்டின் விலை, முதலில் மிச்சம் பிடித்த தொகையைப்போல் மும்மடங்கு. தனிச் சீட்டு என்பதால், தவறிய விமானத்துக்கு இரண்டு நிறுவனங்களில் எதுவும் பொறுப்பேற்காது. அது விதிப்படி சரியும்கூட.

எனவே என் பரிந்துரை இது. நிலையம் மாறும் தொடர்பைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிட வேண்டும். முடியாவிட்டால் ஆறு மணி நேரத்துக்குக் குறையாத இடைவெளி வேண்டும். அன்றைய கடைசி விமானத்தைப் பிடிக்கும் திட்டமாயின் அதுவும் போதாது. மாலையில் இறங்குவோர், அடுத்த விமானம் கிளம்பும் நிலையத்தருகே அன்றிரவு தங்கி மறுநாள் பறப்பதே நிம்மதி. சாமுய் செல்வோருக்கு மட்டும் ஒரு குறிப்பு: அந்தத் தீவின் விமான நிலையம் பாங்காக் ஏர்வேஸுக்குச் சொந்தமானது; ஆகையால் சாமுய் போக முடிவு செய்தவர் முதல் விமானத்தையும் சுவர்ணபூமிக்கே எடுத்துவிட்டால் இந்தத் தொல்லை முழுவதும் அற்றுப்போகும்.

நிலையம் மாறியே ஆக வேண்டியவர்களுக்காக இலவசப் பேருந்து ஓடுகிறது. தொடர் விமானத்தின் சீட்டைக் காட்டினால்தான் ஏற்றுவார்கள். நெரிசல் இல்லாதபோது ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரும். நெரிசலில் இரண்டு மணி நேரத்தையும் தாண்டும். சாலை அடைத்துக்கிடக்கும் மாலை நேரத்தில், சிரமமானாலும் உறுதியான வழி ரயில்தான். சுவர்ணபூமியிலிருந்து மக்கசான், அங்கே பெட்சபுரிக்கு நடந்து நீலத் தடத்தில் பாங் சூ, பிறகு அடர்சிவப்புத் தடத்தில் டான் முவாங் என்று மூன்று ரயில்கள் மாற வேண்டும். ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். பெட்டி இரண்டுக்கு மேல் இருந்தால் இதை நினைக்கவே வேண்டாம். இரண்டு நிலையங்களையும் பட்டாயாவுக்குத் தெற்கே உள்ள உ-தாபாவோ விமான நிலையத்தையும் அதிவேக ரயிலால் இணைக்கும் திட்டத்துக்கு 2019-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதை நம்பிப் பயணத்தைத் திட்டமிடும் காலம் இன்னும் வரவில்லை.

நிலையம் மாறுவது என்பது சட்டப்படி தாய்லாந்துக்குள் நுழைவதாகும். வியட்நாமுக்குச் செல்லும் வழியில் சில மணி நேரம் மட்டுமே பாங்காக்கில் இருப்பவரும் தாய்லாந்தின் விசா விதிகளுக்கு உட்பட்டவரே. 2025 மே 1 முதல், நாட்டுக்குள் நுழையும் வெளிநாட்டவர் அனைவரும் வருகைக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்பியிருக்க வேண்டும். அரசின் தளத்தில் அதற்குக் கட்டணம் இல்லை. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது இடைத்தரகர் தளம்.

ஏழாம் படி: கட்டணத்தை முழுமையாக்கி ஒப்பிடுதல்

இத்தனையும் தெரிந்த பிறகே விலையைப் பார்க்க வேண்டும். டான் முவாங் செல்லும் மலிவுச் சீட்டு 2,500 ரூபாய் குறைவு என்று வைத்துக்கொள்வோம். அதில் பெட்டிக்கான எடை, உணவு, இருக்கைத் தேர்வு ஆகியவை பெரும்பாலும் சேர்ந்திரா. போக வர இருபது கிலோ பெட்டிக்குப் பணம் கட்டியதும் அந்த 2,500-இல் பெரும்பகுதி கரைந்துவிடும். கைப்பையோடு மட்டும் செல்லும் இளைஞருக்கு அதே சீட்டு உண்மையிலேயே மலிவு. நால்வர் கொண்ட குடும்பத்துக்கு, தலைக்கு இவ்வளவு என்று கூட்டிப் பார்த்தால், முழுச் சேவை விமானம் அருகில் வந்து நிற்பதையும் சில சமயம் அதைவிடக் குறைவாக முடிவதையும் கண்டிருக்கிறேன்.

எட்டாம் படி: திரும்பும் நாளில்

திரும்பும் சீட்டை முதல் நாள் இரவே எடுத்துக் குறியீட்டைச் சரிபார்க்க வேண்டும். டான் முவாங்கில் வெளிநாட்டு விமானங்கள் முதல் முனையத்திலும் உள்நாட்டு விமானங்கள் இரண்டாம் முனையத்திலும் கிளம்புகின்றன. இரண்டும் உட்புறமாகவே இணைந்திருப்பதால் மாறி இறங்கினாலும் நடந்து போய்விடலாம். சுவர்ணபூமியில் புறப்பாடு நான்காம் தளம். அங்கே குடிநுழைவைக் கடந்ததும், தேவரும் அசுரரும் வாசுகியைப் பிடித்து இழுக்க, ஆமையின் மேல் நிற்கும் மலையுச்சியில் திருமால் விளங்கும் பாற்கடல் கடையும் பெருஞ்சிற்பம் வரும். அரை மணி முன்னதாகவே வந்தால் அதைச் சுற்றிவந்து நிதானமாகப் பார்க்கலாம்.

டாக்சி ஓட்டுநரிடம் சுவர்ணபூமி என்று நாம் அழுத்தம் திருத்தமாகச் சொல்வது அவருக்குப் புரியாது. தாய் மக்கள் அதைச் சுவன்னபூம் என்றே ஒலிக்கிறார்கள். வெறுமனே ஏர்போர்ட் என்று சொல்லி வண்டியில் ஏறவே கூடாது. நிலையத்தின் பெயரைத் தாய் எழுத்தில் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, ஓட்டுநர் அதைப் படித்துத் தலையசைத்த பிறகு பெட்டிகளை ஏற்றுங்கள்.